பத்தூரா, புரோமோவா: குடும்பத்தோடு தங்க எந்த எரிமலை?

எரிமலை அடிவாரத்தில் எளிய குடில், கூடவே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டியும். இந்தோனேசியாவில் இப்படி ஒரு விடுமுறை என்றால் இரண்டு பெயர்கள் முதலில் வரும்: பாலித் தீவின் பத்தூர், கிழக்கு ஜாவாவின் புரோமோ. பத்தூர் 1,717 மீட்டர், புரோமோ 2,329 மீட்டர். அதனால் பத்தூர்தான் சுலபம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எரிமலை வாயை எட்டிப் பார்ப்பதுதான் ஆசை என்றால், நிலைமை நேர்மாறு.

பத்தூர் உச்சிக்கு நடந்துதான் போக வேண்டும். அடிவார ஏரியே ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது; கரையோரத்திலிருந்து கிளம்பினால் கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏற்றம். விடியலைப் பிடிக்க வேண்டுமானால் அதிகாலை 4 மணி வாக்கில், டார்ச் வெளிச்சத்தில், உள்ளூர் வழிகாட்டியின் பின்னால் சுமார் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். மேற்பகுதியில் பொடிந்த எரிமலைக் கல் காலடியில் சரியும். இறங்கும்போது முழங்கால் படும் பாடு தனி. ஆக, ஏறுகிறவர்கள், கீழேயே இருப்பவர்கள் என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

புரோமோவில் அப்படி இல்லை. பழைய எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் உள்ள செமோரோ லவாங் கிராமத்தில் தங்கினால், விடியலுக்கு முன் ஜீப் வந்து அழைத்துப் போகும். 2,770 மீட்டர் உயரமுள்ள பெனஞ்சாக்கன் காட்சிமுனை வரை வண்டியிலேயே போகலாம் என்பதால் பாட்டியும் வரலாம். கீழே மணற்கடல் எனப்படும் எரிமலை மணல்வெளி, நடுவில் புகையும் புரோமோ, பின்னால் ஜாவாவின் உச்சமான செமேரு (3,676 மீட்டர்) என எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறார்கள். இதற்காகவே என் ஓட்டு புரோமோவுக்கு.

பிறகு ஜீப் மணற்கடலில் இறக்கிவிடும். அங்கிருந்து நடை அல்லது குதிரை. கடைசியில் சுமார் 250 படிகள். படிகளில் சாம்பல் மணல் படிந்து சில இடங்களில் வெறும் சரிவாகவே ஆகிவிடும். மேலே போனதும் கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும், பள்ளத்தின் அடியிலிருந்து இடைவிடாத இரைச்சல் கேட்கும். விளிம்பு குறுகலானது, தடுப்பும் சிறிது தூரம்தான். ஓடித் திரியும் வயதுப் பிள்ளையின் கையை ஒரு நொடியும் விடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மேலே வராமலிருப்பதே நல்லது. மற்றவர்களுக்கு முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.

இந்த மண்ணின் மக்களான தெங்கர் இனத்தார் இந்துக்கள். கசாடா விழாவில் காய்கறி, கோழி, பணம் என்று காணிக்கைகளை எரிமலை வாய்க்குள் எறிவார்கள். உள்சரிவில் சிலர் வலையோடு நின்று அவற்றைப் பிடிப்பதையும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் குளிர் சாதாரணமானதல்ல. ஜூலை, ஆகஸ்டில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். மணற்கடலில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. கிராமத்து விடுதிகள் மிக எளியவை. சுடுதண்ணீர் நிச்சயமா, ஆளுக்கு எத்தனை கம்பளி என்று கேட்காமல் அறை பதியாதீர்கள். காலைக் காட்சி முடிந்தபின் சிறு பிள்ளைகளுக்கு அங்கே பொழுது போவதும் கடினம்.

பத்தூர் ஜெயிப்பது இங்கேதான். ஏரிக்கரையில் மூங்கில் குடில்களும் கூடாரங்களும் இருக்கின்றன. ஏரிக்கரை ஊரான தோயா புங்காவில் எரிமலைச் சூட்டில் ஊறும் வெந்நீர்க் குளங்களும் உண்டு. மலையேறி வந்தவர்களும் ஏறாதவர்களும் பகல் முழுக்க அதில் கிடக்கலாம். கருங்குழம்பு உறைந்த பரப்பில் ஜீப் சவாரி, படகில் ஏரியைச் சுற்றுவது, எலுமிச்சைப் புளிப்புள்ள, இந்த வட்டாரத்தின் கிந்தாமணி காபி என்று நேரம் தானாகப் போகும். 1926இல் எரிமலைக் குழம்பு பத்தூர் கிராமத்தை மூடிய பிறகு, ஊரும் உலுன் தானு கோயிலும் மேலே எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்புக்கு இடம்பெயர்ந்தன. அந்தக் கோயிலைத் தவறவிடாதீர்கள். ஏரிக்கரையில் ஈத்தொல்லை மட்டும் உண்டு. திறந்த வெளியில் சாப்பிடும்போது எரிச்சலூட்டும்.

வந்து சேரும் தூரத்திலும் பத்தூருக்கே சாதகம். பாலியின் உபுத் ஊரிலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம். கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரிலிருந்து புரோமோவுக்கு மூன்று, நான்கு மணி நேரம்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தாலோ, பெரியவர்களுக்குக் குளிர் ஆகாது என்றாலோ பத்தூர். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் புரோமோ. எதுவானாலும் மழையில்லாத ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் வையுங்கள். இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையம் நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என ஏறுவரிசையில் நான்கு எச்சரிக்கை நிலைகளை அறிவிக்கிறது. பத்தூர் கடைசியாக வெடித்தது 2000இல். புரோமோ அதற்குப் பிறகும் பலமுறை சீறியிருக்கிறது. நிலை உயர்ந்தால் எரிமலை வாய்க்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள். ஆகவே புரோமோவுக்குத் திட்டமிடுகிறவர்கள், பணத்தைத் திருப்பித் தரும் விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.