கூடுதல் விளக்கு பொருத்தக் கொடுப்பவர்களே, வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்து பாருங்கள்

காரில் கூடுதல் விளக்குகளைப் பாதுகாப்பாக இணைக்கும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு காரையே எரிக்கப் பார்த்த அந்தக் கார் அலங்காரக் கடையைப் பற்றி முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்டது 55 வாட் ஹாலோஜன் பனிமூட்ட விளக்குகள் இரண்டு. நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் ரிலேயையும் (சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் கருவி) ஃபியூஸையும் மேசைமேல் எடுத்துவைத்து, "இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சார், பழைய சுவிட்ச் வயர் தாங்காது, பேட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியாக எடுத்து, பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ரிலே வழியாகத்தான் விளக்குக்குக் கொடுப்போம்" என்றார். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இத்தனை பொறுப்பாகப் பேசுகிறவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

சில வாரங்களில், இரவுப் பயணமொன்றில், டாஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வேறொரு எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தபோது, ரிலே பானட்டுக்குள் அழகாகத் திருகப்பட்டிருந்தது; ஆனால் பேட்டரி மின்சாரம் உள்ளே வரும் அதன் 30 என்ற முனையிலும், விளக்குக்கு வெளியே போகும் 87 என்ற முனையிலும் வயரே இல்லை. விளக்குகளுக்கான மின்சாரம் பார்க்கிங் விளக்கின் மெல்லிய வயரைக் கீறி எடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சுமையில் அங்கிருந்த 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருந்தார்கள். வயர் உருகினாலும் அந்த ஃபியூஸ் அறுந்திருக்காது. பில்லில் மட்டும் ரிலே, ஃபியூஸ், தடித்த வயர் எல்லாவற்றுக்கும் காசு பிடித்திருக்கிறார்கள். அரை மாதச் சம்பளம்!

கடைக்குப் போனால், முதலாளி வெளியூர் என்றார்கள். பிறகு, வண்டியின் கம்பெனி வயரிங்கே கோளாறு என்றார்கள். படங்களைக் காட்டியதும், வெளியாள் கை வைத்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று முடித்துவிட்டார்கள். கருகிய வயரிங்கை மாற்றும் செலவு அந்த அரை மாதச் சம்பளத்துக்கு மேல் தனி.

இனி, சொல்ல வந்த அறிவுரையை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும்போது அருகிலேயே நில்லுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே, விளக்கு என்று வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். தகட்டுத் துளை வழியே வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். பெரிய ஃபியூஸைப் போட மட்டும் விடாதீர்கள்.