மொரீஷியஸ்: டச்சுக்காரர் விட்டதும் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும்

ஒரே தீவு, இரண்டு ஆட்சிகள். 1598-இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரை வைத்தார்கள். குடியேறியதோ 1638-இல், வெறும் 25 பேருடன். 1715-இல் உரிமை கோரிய பிரெஞ்சுக்காரர்கள் 'ஈல் தெ பிரான்ஸ்' என்றார்கள், 1721-இல் குடியேறினார்கள்.

பெரிய வேறுபாடு துறைமுகத்தில்தான். டச்சுக்காரர் தேர்ந்தது தென்கிழக்குக் கரை. ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்தத் திசையிலிருந்தே வீசுவதால் கப்பல் உள்ளே வருவது சுலபம், வெளியேறுவது பெரும்பாடு. பிரெஞ்சுக்காரர் வடமேற்கிலுள்ள போர்ட் லூயிக்கு மாறினார்கள். மலைகள் காற்றை மறைத்ததால் புறப்பாடு எளிதாயிற்று.

டச்சுக் கிழக்கிந்திய வணிக நிறுவனத்துக்குத் தீவு கருங்காலி மரக்கிடங்கு, அவ்வளவே. ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் கொண்டுவந்தார்கள். கப்பல்களில் வந்து பெருகிய எலிகள் பயிரைத் தின்றன. புயல், ஆள் பற்றாக்குறை, தப்பியோடிய அடிமைகளின் தாக்குதல் எல்லாம் சேர, 1658-இல் ஒருமுறை வெளியேறி, 1664-இல் திரும்பி, 1710-இல் கைவிட்டார்கள். டோடோ பறவையும் அவர்கள் காலத்திலேயே அழிந்தது.

1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே கப்பல் பட்டறை, மருத்துவமனை, சர்க்கரை ஆலை என முதலீடு செய்தார். உணவுக்கு மரவள்ளி. கட்டுமானத்துக்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள். ஆனால் இந்த 'வெற்றி' மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் முதுகில் நின்றது. இதில் டச்சுக்காரரைவிட இவர்கள் பல மடங்கு கொடியவர்கள்.

1810 ஆகஸ்டில் பழைய டச்சுத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்களை வென்றும், வடக்கே தரையிறங்கிய பிரிட்டிஷ் படையிடம் டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் தீவை இழந்தார்கள்.