லிப்ரே ஆபீஸ்: கடைக்குத் தாங்குமா?

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "லிப்ரே ஆபீஸைக் கடையில் போடலாமா?" என்று கேட்டார். எம்எஸ் ஆபீஸ் போலக் கடிதமும் அட்டவணையும் அடிக்க உதவும் இலவச மென்பொருள் அது. பல வருடமாக என் எழுத்து வேலை எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

முதலில் என் கோபம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த டாக்எக்ஸ் (வேர்டு) கோப்பு என் லினக்ஸ் கணினிக்கு வந்தால், லதா இங்கே இல்லை. வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். அகலம் மாறும், வரி மடங்கும், ஒரு பக்கக் கடிதத்தில் "இப்படிக்கு" மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். ஆங்கிலத்தில் வேர்டின் கலிப்ரி எழுத்துருவுக்கு மாற்றாக, அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அனுப்புகிறவர் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பினால் தீரும், யார் அனுப்புகிறார்கள்?

ஆனாலும் விட மனமில்லை. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த நாள் முதல் இதன் மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. 2017இல், 5.3 பதிப்பில், எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் எல்லா இயங்குதளத்துக்கும் வந்த பிறகு ஒரே எழுத்துருவில் கொம்பும் காலும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல அமர்கின்றன.

ஒருமுறை புதுப் பதிப்பு போட்டதும் அட்டவணையின் கடைசி வரி கோட்டைத் தாண்டி இறங்கியது. பிழைகளைப் பதியும் அவர்களுடைய பக்ஸில்லா தளத்தில் புகார் எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர், "பிழை தெரிகிற அளவுக்குச் சின்னக் கோப்பாக வெட்டிக் கொடுங்கள்" என்றார். அங்கே இணைப்பதை யாரும் திறந்து பார்க்கலாம் என்பதால் பெயர், கணக்கு எண் எல்லாம் அழித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் வைத்தேன். இன்னொருவர் தன் கணினியில் திறந்து உறுதி செய்தார். பழைய பதிப்பில் சரியாக இருந்ததால், எந்த மாற்றத்தில் கெட்டது என்று பின்னோக்கித் தேடிப் பிடித்தார்கள். அப்புறம் வந்த பதிப்பில் அந்த வரி கோட்டுக்குள் நின்றது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளிலும் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு சொல்லியும் நண்பருக்கு என் பதில்: கடைக்கு வேண்டாம். பென்டிரைவோடு ஓடி வருகிறவருக்கு அவர் பார்த்த பக்கம் அப்படியே அச்சாக வேண்டும். வீட்டுக் கணினியில் இன்றே போடுங்கள். கலைந்துபோகிற கோப்பு கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். புகாரை நான் எழுதுகிறேன்.