பாஸ்கா திரி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

தவக்காலம் பாதி கடந்ததும் கத்தோலிக்கப் பங்குகளில் பாஸ்கா திரிக்கான, அதாவது கிறிஸ்துவின் உயிர்ப்பைக் குறித்து ஏற்றும் பெரிய மெழுகுதிரிக்கான, தேடல் தொடங்கிவிடும். திருவழிபாட்டுப் பொருள்கள் விற்கும் கடைகளில் முழுக்கப் பாரபின் மெழுகில் வார்த்த திரி, தேன்மெழுகு கலந்த திரி, ஸ்பிரிங் வைத்த குழாய்த் திரி, எண்ணெய்த் திரி என்று நான்கு வகை கிடைக்கின்றன. பீடத்தருகே நிறுத்திவைத்தால் தூரத்துக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய சனிக்கிழமையின் திருவிழிப்பு இரவில் புதுத் தீயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

எண்ணெய்த் திரி என்பது வெள்ளை நைலான் உருளை. அதன் தலையில் ஒரு சிறு குப்பி, குப்பிக்குள் திரவப் பாரபின். வடியாது, கரி பிடிக்காது, உயரம் குறையாது. ஆண்டைக் குறிக்கும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் பத்து ஆண்டுக்கு ஓட்டலாம் என்பதால் பல பங்குப் பேரவைகள் இதை விரும்புகின்றன. ஆனால் பவனியில் சற்றுச் சாய்த்தாலும் எண்ணெய் கழுத்துவழியே கசியும். சடங்கில் செய்ய வேண்டியபடி உருளையில் சிலுவை கீற முடியாது, சாம்பிராணி மணிகளைக் குத்தவும் முடியாது. ஒட்டுவில்லைகளை வைத்து அருள்பணியாளர் பாவனைதான் செய்ய வேண்டியிருக்கும். குழாய்த் திரியும் இதே இனம். பிளாஸ்டிக் குழாய்க்குள் சாதாரண மெழுகுதிரி ஒன்றை ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் உள்திரி இளகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, திரியின் முன் நின்று பாடும் பாஸ்கா புகழுரையின் நடுவில் சுடர் குழாய்க்குள் இறங்கிவிடும்.

இவ்விரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. பாஸ்கா கொண்டாட்டங்களைப் பற்றி 1988-இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடல் இதில் தெளிவாக இருக்கிறது: திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஒருபோதும் செயற்கையாக இருக்கக் கூடாது, ஆண்டுதோறும் புதிதாக வேண்டும், ஒரே ஒரு திரிதான் வேண்டும், ஓரளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தன்னைக் கரைத்துக்கொண்டு ஒளிதரும் ஒன்றைத்தான் மக்கள் அன்று இருட்டில் பின்தொடர்கிறார்கள். கரையாத திரியால் அதைச் சொல்ல முடியாது.

மீதமுள்ள இரண்டில் பாரபின் திரிதான் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. குறை அதன் உடையும் தன்மையில் இருக்கிறது. கூரிய முனையால் சிலுவை கீறும்போது செதில் செதிலாகப் பெயரும். சாம்பிராணி மணியை நேரடியாக அழுத்தினால் விரிசல் விடும். இதற்கு வழி முன்னேற்பாடுதான். சனிக்கிழமை காலையிலேயே சிலுவையையும் எழுத்துகளையும் ஆழமில்லாமல் கீறிவையுங்கள். ஆணி ஒன்றைச் சுடவைத்து ஐந்து இடங்களில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிடுங்கள். இரவில் அருள்பணியாளர் அந்தத் தடத்தின்மேலேயே கீறினால் போதும். தொடக்கத்தைக் குறிக்கும் அகரம் சிலுவைக்கு மேலே, முடிவைக் குறிக்கும் னகரம் கீழே. ஆண்டின் நான்கு எண்களும் சிலுவையின் நான்கு மூலைகளில் வரவேண்டும்: முதல் எண் மேலே இடப்புறம், இரண்டாவது மேலே வலப்புறம், மூன்றாவது கீழே இடப்புறம், நான்காவது கீழே வலப்புறம். கடைக்காரர் ஒட்டிக்கொடுக்கும் படங்களில் நான்கு எண்ணும் ஒரே வரிசையில் அடியில் கிடக்கும். அப்படி இருந்தால் ஒட்டாமல் வாங்கி நீங்களே கீறிக்கொள்ளுங்கள். மணிகளுக்கும் வரிசை உண்டு: மேலே, நடுவில், கீழே, பிறகு இடம், வலம்.

தேன்மெழுகு கலந்த திரியில் கீறுவது சுகம். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும், செதில் வராது. சுடர் மஞ்சளாக நிதானமாக நிற்கும், அணைத்தபின் வரும் மணமும் தனி. பாஸ்கா புகழுரையே தேனீக்களின் உழைப்பைப் பாடுகிறது. அந்த வரி வரும்போது எரிவது தேன்மெழுகாக இருந்தால் பாட்டும் பொருளும் ஒன்றாகின்றன. முழுத் தேன்மெழுகுதான் வேண்டும் என்று விதி இல்லை. பாதிக்குப் பாதி கலந்ததே நன்றாக உழைக்கும். கலப்படம் மிகுதி என்பதால் ஒரு சோதனை செய்துவிட்டு வாங்குங்கள்: அடிப்பகுதியில் நகத்தால் ஒரு துணுக்கு எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். தேன்மெழுகு இளகிக் களிமண்போல வளையும், பாரபின் உதிரும். மேலே வெண்ணிறமாகப் படரும் பொடியைப் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். அது தேன்மெழுகின் இயல்பு, வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போய்விடும்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கோவில் பெரிது என்று பத்து சென்டிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் உயரத் திரி வாங்கினால் அதன் எடை ஏழு கிலோ. இன்னும் எரிந்து குறையாத அந்தத் திரியைத் திருத்தொண்டர் மூன்று முறை உயர்த்தி ‘கிறிஸ்துவின் ஒளி இதோ’ என்று பாட வேண்டும். ஏழரை சென்டிமீட்டர் தடிமன், தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம் என்றால் மூன்றரை கிலோதான் வரும். ஒரு நடுத்தரப் பங்குக்கு இதுவே சரி. கிளைக் கோவில்களுக்கு ஆறு சென்டிமீட்டர் தடிமனும் முக்கால் மீட்டர் உயரமும் போதும், இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். கடையில் விலையை எடைக்குக் கேளுங்கள். உள்ளே பொள்ளலாக வார்த்த திரி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு எரியும் என்பதற்கும் கணக்கு உண்டு. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவிப் பெருவிழா வரை ஐம்பது நாள், அதில் எட்டு ஞாயிறு. ஞாயிறுக்கு இரண்டு பூசை, மற்ற நாளில் ஒன்று என்று வைத்தால், திருவிழிப்பு இரவையும் சேர்த்து ஏறக்குறைய ஐம்பத்தைந்து மணி நேரம். அதன்பின் ஆண்டு முழுவதும் ஞானஸ்நானமும் அடக்கத் திருப்பலியும் இன்னும் முப்பது மணி நேரம் எடுக்கலாம். மணிக்குப் பத்து கிராம் கரைந்தால் ஏழரை சென்டிமீட்டர் திரியில் ஒரு சாண் அளவே குறையும். ஆண்டு முடிவில் எஞ்சுவதுதான் அதிகம், அதனால் உயரத்துக்குச் செலவழிப்பதை விட மெழுகின் தரத்துக்குச் செலவழியுங்கள்.

கெடுவது பெரும்பாலும் எரிக்கும் முறையால்தான். இவ்வளவு தடிமனான திரியின் தலை விளிம்பு வரை உருக மூன்று மணி நேரமாவது ஆகும். வாரநாள் பூசை முக்கால் மணியில் முடிந்துவிடும். நடுவில் மட்டும் உருகி, நூல் கிணறுபோலக் குழிபறித்துக்கொண்டு இறங்கும். ஒரு மாதத்தில் சுடர் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். ஒவ்வொரு பூசைக்குப் பின்னும் அணைத்தவுடன், மெழுகு சூடாக இருக்கும்போதே, விளிம்பை விரலால் உள்பக்கம் மடித்துவிடுவது கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளையின் அன்றாட வேலையாக வேண்டும். நூலை அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளவிடக் கூடாது, விட்டால் கரி கக்கும். மின்விசிறி அருகே இருந்தால் ஒரு பக்கம் மட்டும் வடியும். திரியின் தலையில் பொருந்தும் பித்தளை வளையம் தனியாக விற்கிறார்கள். விசிறியை நகர்த்த முடியாத கோவில்களில் அது அவசியம்.

புதுத் திரியின் நூலை சனிக்கிழமை பகலில் ஐந்து நிமிடம் எரித்து அணைத்துவையுங்கள். மெழுகேறாத நூல் காற்றில் பிடிக்காது. தென்னை மட்டையும் பனையோலையும் போட்ட தீயில் அனல் அதிகம், திரியை நேராக நீட்டினால் தலை உருகி ஒழுகும். மெல்லிய திரியில் தீயை எடுத்து அதிலிருந்து ஏற்றுவதே பாதுகாப்பு. தாங்கியின் கிண்ணத்தையும் முன்பே அளந்துகொள்ளுங்கள். அடி பெரிதாக இருந்தால் சூடான கத்தியால் சீவலாம், சிறிதாக இருந்தால் துணி சுற்றலாம். காகிதத்தைச் செருகினால் சில நாளில் நசுங்கி ஆடத் தொடங்கும்.

மக்கள் கையில் கொடுக்கும் சிறு திரிகள் தனிப் பிரச்சினை. புகழுரைக்கு இருபது நிமிடம், ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்க மீண்டும் பத்து நிமிடம் என்று எரியும். முக்கால் மணி தாங்காத மெல்லிய திரியை வாங்கினால் இரண்டாவது முறை பாதிப் பேர் கையில் எதுவும் இராது. சிறிய காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டுச் செருகினால் மெழுகு சேலையிலும் தரையிலும் சொட்டாது. பங்கிலுள்ள குடும்பக் குழுவான ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஐம்பது என்று பிரித்துக்கொடுத்தால் ஒரு மாலையில் வேலை முடியும். ஏற்றும்போது எரிகிற திரியை நேராகப் பிடித்து, எரியாததைத்தான் சாய்க்க வேண்டும். இதைப் பீடச் சிறுவருக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிவையுங்கள். தரையில் விழுந்த மெழுகைச் சுரண்டாமல் பழைய செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்தால் தாளே உறிஞ்சிக்கொள்ளும்.

திரியின்மேல் ‘உபயம்’ என்று குடும்பப் பெயர் பொறிக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. கொடுத்தவருக்கு மன்றாட்டில் இடம் தரலாம், மெழுகில் வேண்டாம். அந்தத் திரியில் எழுத வேண்டியவை ஏற்கெனவே குறிக்கப்பட்டவை. ஊரில் யார் இறந்தாலும் பெட்டியருகே நிற்கப்போவதும் அதே திரிதான்.

வாங்கியதும் வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையான சக்கிரீஸ்துவில் சுவரில் சாய்த்துவைக்காதீர்கள், வளைந்துவிடும். பருத்தித் துணியில் சுற்றிப் பலகைமேல் படுக்கவையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம். பழைய திரியை ஆண்டு எண்களை மாற்றி மறுபடி நிறுத்தவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். முந்தைய ஆண்டுப் பாஸ்கா திரியின் மெழுகில் திருத்தந்தையர் ஆட்டுக்குட்டி உருவம் பதித்த வில்லைகள் செய்து வழங்கிய காலம் உண்டு. இரட்டைப் பாத்திரத்தில் வெந்நீர்ச் சூட்டில் உருக்கி அடுத்த ஆண்டுக்கான கைத்திரிகளை வார்த்துக்கொள்ளலாம். இரண்டு கிலோ எஞ்சியிருந்தால் இருபது கிராம் வீதம் நூறு கைத்திரி வரும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்.