லு ஆவ்ரின் பெரே மாதிரி வீடு: போருக்குப் பிந்தைய பிள்ளைப் பருவத்தைக் காட்டும் இடம்

பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகம் 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தரைமட்டமானது. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே தலைமையில் திரும்பக் கட்டிய நகர மையத்தை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே குழந்தைகள் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்கள் என்று பார்க்க, நகர மண்டபச் சதுக்கத்தில் அக்கால மரச்சாமான்களோடு பார்வைக்கு வைத்திருக்கும் பெரே மாதிரி வீடு என்ற அடுக்கக வீட்டை விடச் சிறந்த இடம் ஊரில் இல்லை.

சுமார் 100 சதுர மீட்டர். உள்ளே போனதும் தூண்களைக் கவனியுங்கள். நகரம் முழுக்க ஒரே அளவு, 6.24 மீட்டர் இடைவெளி. 2, 3, 4, 6 எதனால் வகுத்தாலும் கட்டுவதற்குத் தோதான அளவே கிடைக்கும். பாரம் முழுவதையும் தூண்கள் தாங்குவதால் உட்சுவர்களை இஷ்டப்படி வைக்கலாம். கூடத்தையும் சாப்பாட்டு இடத்தையும் தள்ளுகதவு மட்டும் பிரிப்பது அதனால்தான். சன்னல்கள் இரு பக்கமும் இருப்பதால் வெளிச்சம் வீட்டின் குறுக்கே பாய்கிறது. குளிருக்கு வெங்காற்றுக் குழாய். அறைக்கு அறை அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

அதிக நேரம் தர வேண்டியது மரச்சாமான்களுக்கும் பிள்ளைகளின் அறைக்கும். மரச்சாமான்கள் ரெனே கப்ரியேல், மார்செல் கஸ்குவான் இருவரும் வடிவமைத்தவை. கஸ்குவான் இதே ஊரில் பிறந்தவர். செதுக்கு வேலையே கிடையாது. வீடிழந்த குடும்பங்கள் வாங்கும் விலையில் ஆலையில் தொடராகச் செய்ய வேண்டியிருந்ததால் நேர்க்கோடுகள், எளிய இணைப்புகள். பொம்மைகளும் பள்ளிச் சாமான்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல், ஒரு குடும்பம் இப்போதுதான் வெளியே போனது போலக் கிடக்கின்றன. இந்த ஒழுங்கமைப்பு மிக அருமை.

ஒரு பெரிய குறை: இது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய கதையும் அல்ல. இந்த அடுக்ககங்கள் இடிந்த வீடுகளின் உரிமையாளர்களுக்கு நட்டஈட்டுக்குப் பதிலாகக் கிடைத்தவை. வாடகைக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் பலர் பல ஆண்டுகள் மரக் கொட்டகைகளில் வளர்ந்தார்கள். அமெரிக்கப் படை சிகரெட் பெயர்களைச் சூட்டி அமைத்த முகாம்களும் அப்படிக் குடியிருப்பாயின. அந்த வாழ்க்கைக்கு இந்த அறைகளில் இடமில்லை. அதைப் பற்றி வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள்.

வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதே ஊரில் பாரிஸ் தெரு 181இல் உள்ள மரபு இல்லத்தில் முன்பதிவு செய்யுங்கள். விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான், பிற மொழி வேண்டுமென்றால் பதியும்போதே கேட்க வேண்டும். சமையலறை குறுகல், கூட்டத்தின் பின்னால் நின்றால் ஒன்றும் தெரியாது, முதலில் நுழைந்துவிடுங்கள். பாரிஸ் சாந்-லசார் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயிலடியிலிருந்து டிராமில் ஏறினால் நகர மண்டபத்திலேயே இறங்கலாம்.