புழுக்கமான ஊரில் புல்தரை: ஆறு வருடம் வளர்த்துப் பார்த்ததில்

வீட்டைச் சுற்றி ஆறு வருடமாகப் புல்தரை வளர்க்கிறேன். வெயில் கொளுத்தும், இரவிலும் காற்றில் ஈரம் குறையாது. முதல் இரண்டு வருடம் புல் கருகினாலும் அழுகினாலும் வெயிலைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலைத் தாங்கவென்றே பிறந்த புல் வகைகள் உண்டு. என் புல்லைக் கெடுத்தது தினமும் மாலையில் நான் ஊற்றிய தண்ணீர்தான். புதிதாகப் புல் போடுகிறவர்கள் பலரும் இதையே செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முன்பக்கம் நாள் முழுக்க வெயில் விழும். அங்கே டிஃப்வே 419 போட்டேன். பெர்முடா, அதாவது அருகம்புல் வகையின் கலப்பினம் இது. அமெரிக்காவின் டிஃப்டனில் உருவாக்கப்பட்டு 1960-இல் வெளிவந்தது. அருகம்புல்லையும் ஆப்பிரிக்கப் புல் இனம் ஒன்றையும் கலந்து உண்டாக்கியது என்பதால், அருகம்புல்லின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. முளைக்கும் விதை இதில் கிடையாது. தண்டுத் துண்டுகளை நடலாம், அல்லது பாய் போலச் சுருட்டி வருவதை விரிக்கலாம். நான் துண்டுகளைத்தான் நட்டேன். நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே புல்லை மரத்தடியிலும் நட்டது என் பெரிய தப்பு. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லையென்றால் பெர்முடா நிற்காது. சில மாதத்தில் நூல் நூலாக மெலிந்து, கடைசியில் வெறும் மண்தான் மிஞ்சியது. பிறகு அந்தப் பகுதிக்கு அகல இலை கொண்ட செயின்ட் அகஸ்டின் வாங்கி வைத்தேன். பாதி நிழலில் அது நன்றாகவே வருகிறது. கால் பதிய நடந்தால் பெர்முடா அளவுக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

இனி தண்ணீர். மாலையில் தெளித்தால் இலை விடியும்வரை ஈரமாகவே இருக்கும். புழுக்கமான காற்றில் அது உலரவே உலராது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாம் வருடம் செயின்ட் அகஸ்டின் இலைகளில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்தன, சுற்றிலும் கரும்பழுப்பு விளிம்போடு. சத்து போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டேன். ஒரே வாரத்தில் நோய் இரண்டு மடங்கு பரவிவிட்டது. தழைச்சத்து கூடினால் இலை தளதளவென்று மென்மையாக வளரும். இந்தச் சாம்பல் புள்ளி நோய் முதலில் பிடிப்பது அந்த மாதிரி இலையைத்தான். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். விடியற்காலையில் மட்டும் தண்ணீர்; வெயில் ஏறியதும் இலை உலர்ந்துவிடும். தினமும் கொஞ்சம் என்பதை விட்டு, மழை இல்லாத வாரத்தில் இரண்டு முறை, மொத்தம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு விடுகிறேன். தெளிப்பான் எவ்வளவு விடுகிறது என்று பார்க்க, காலி டப்பாக்களைப் புல்லில் ஆங்காங்கே வைத்து நிறைந்ததை அளந்தேன். ஒரு மூலைக்கு மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்கு போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி நோய் வந்த மூலையும் அதுவே. புல்லுக்குத் தாகம் எடுத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்: பச்சை மங்கி நீலச் சாம்பலாகத் தெரியும், இலை மடியும், நடந்தால் கால் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்த மறுநாள் காலை தண்ணீர் விட்டால் போதும்.

வெட்டுவதிலும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விடாத மழையில் மூன்று வாரம் இயந்திரத்தைத் தொடவில்லை. மழை விட்டதும் பெர்முடாவை ஒரே மூச்சில் 2.5 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். பச்சை எல்லாம் மேலேயே இருந்ததால் கீழே பழுப்புத் தண்டு மட்டும் நின்றது. திரும்பப் பசுமையாக ஒரு மாதம் ஆனது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதை அப்புறம் நான் மீறியதே இல்லை. செயின்ட் அகஸ்டினை 8 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்குவதில்லை. வெட்டுக்கத்தியை மாதம் ஒரு முறை தீட்டிவிடுவேன். மழுங்கிய கத்தி இலையைக் கிழித்துவிடும், நுனி வெளுத்துப் போகும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டுவிடுகிறேன், மக்கிச் சத்தாகிவிடும். நோய் இருக்கிற சமயம் மட்டும் வாரி அப்புறப்படுத்துவேன்.

உரம் இப்போது அளந்துதான். சதுர மீட்டருக்கு ஒரு தடவை 10 கிராம் யூரியா. அதில் தழைச்சத்து 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் கருகும். அடைமழைக் காலத்தில் போடுவதே இல்லை. மற்ற நேரத்தில் நன்கு மக்கிய தொழு உரத்தைச் சலித்து மெல்லியதாகத் தூவுகிறேன்.

கோரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டையாகத் தட்டுப்படும், அதை வைத்தே புல்லிலிருந்து பிரித்துவிடலாம். இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கும். மண் ஈரமாக இருக்கும்போது சிறு மண்வெட்டியால் கிழங்கோடு தோண்டி எடுக்கிறேன். புதுத் தளிர் வந்ததும் மறுபடி எடுக்கிறேன். விடாமல் இரண்டு வருடம் செய்த பிறகுதான் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஒரு தடவை மழைக்குப் பிறகு திட்டுத் திட்டாகப் புல் காணாமல் போனது. நோய் என்று நினைத்து மருந்து தேடுவதற்கு முன், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டியை 4 லிட்டர் நீரில் கலந்து, ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஊற்றினேன். சில நிமிடங்களில் படைப்புழுக்கள் மேலே ஏறி வந்தன. பூஞ்சைக்கொல்லி வாங்கியிருந்தால் காசுக்கும் கேடு, புல்லுக்கும் பயனில்லை. இது புழுவா நோயா என்று சந்தேகம் வந்தால் இதைச் செய்து பாருங்கள்.

நடைபாதை ஓரம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. காலடி பட்டுப் பட்டு மண் இறுகிவிட்டது, மழை நீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. போன மாதம் கவைமுள்ளால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, துளைகளில் மணலும் மக்கிய உரமும் நிரப்பினேன். மூன்று வாரத்தில் ஓரங்களிலிருந்து தண்டு ஓடி வரத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் நடக்காமல் இப்போதைக்குக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.