கிரீஸ்வீசில் வி4: போட் நல்லது, மிச்சம் டிரைவின் கையில்

பழைய பிளொப்பி டிரைவை யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்து, டிஸ்க்கை வாசிக்கவும் எழுதவும் உதவும் சர்க்கிட் போட் கிரீஸ்வீசில் வி4. யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் இருக்கும்போது இது எதற்கு? டொஸ், விண்டோஸ் 95 காலத்து 1.44 எம்பி டிஸ்க் மட்டும் வேண்டுமென்றால் தேவையே இல்லை. இமேஜ் கோப்பு (முழு டிஸ்க்கின் பிரதி) சரியாக 1,474,560 பைட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம். ஆனால் அமீகா என்ற பழைய கணினியின் 901,120 பைட் ஏடிஎஃப் இமேஜ் கோப்பை அந்த டிரைவிடம் கொடுத்துப் பயனில்லை. பீசி முறையில் பிரித்த செக்டரை (தரவுத் துண்டை) தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

கெயர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசில், காந்தத் திசை மாறும் நேர இடைவெளிகளையே டிரைவுக்கு அனுப்புகிறது. அதனால் அமீகாவும் ஒன்று, பீசியும் ஒன்று. கட்டளையில் டிஸ்க் வகையைச் சொன்னால், டிஸ்க்கின் ஒவ்வொரு வட்டத் தடத்தையும் எழுதி, வாசித்துச் சரிபார்த்து, பிழைத்தால் மறுபடி எழுதும். மென்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கட்டளை வரிக்குப் பயப்படாதவர்களுக்கு.

தொல்லை மற்றப் பக்கத்தில். 34 பின் றிபன் கேபிளைத் தலைகீழாகச் செருகினால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்புக் கோடு முதலாம் பின்னுக்கு வரவேண்டும். கேபிளில் முறுக்கு இருந்தால் ஏ, இல்லாவிட்டால் பி என்று கட்டளையில் குறிப்பிடவேண்டும். 3½ அங்குல டிரைவுக்கு 5 வோல்ட் போதும், போட்டே கொடுக்கும். 5¼ அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் வேண்டும்: பழைய கணினியின் ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் அது ஓடத் தொடங்கும்.

அடுத்தது டிஸ்க். அமீகாவுக்கும் 720 கேபிக்கும் டிடி (இரட்டை அடர்த்தி) டிஸ்க்தான் தேடவேண்டும். எச்டி (உயர் அடர்த்தி, 1.44 எம்பி) டிஸ்க்கின் துளையைச் செலோரேப்பால் மூடினால் அன்றைக்கு எழுதும். அதன் காந்தப் பூச்சு கடினமானது என்பதால் நாள் போகப் பிழை காட்டும். யாழ்ப்பாணத்து மாரிக்கு அலுமாரியில் கிடந்த டிஸ்க் என்றால் தகட்டு மூடியை விலக்கி, நடு வட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டிரைவுக்குள் விடவேண்டாம். அது ஹெட்டில் (டிஸ்க்கை வாசித்து எழுதும் முனையில்) ஒட்டி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் சுரண்டிவிடும். ஹெட் துடைக்க 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் நல்லது.

துப்புரவான டிஸ்க்கானாலும் அழிப்பதற்கு முன் அதே போட்டைக் கொண்டு ஒரு படி எடுத்து வையுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய கோயில் மலர் ஒன்று அதற்குள் கிடக்கலாம்.

5¼ அங்குல 360 கேபி டிஸ்க்கை 1.2 எம்பி டிரைவில் எழுதுவதுதான் எல்லாரும் விழும் குழி. 1.2 எம்பி டிரைவின் ஹெட் ஒடுங்கியது. பழைய அகலமான தடத்தின் ஓரங்களை அழிக்காது. 360 கேபி டிரைவ் பழையதையும் புதியதையும் சேர்த்து வாசித்துக் குழம்பும். ஒருபோதும் எழுதப்படாத டிஸ்க், அல்லது காந்தத்தால் முழுதாக அழித்த டிஸ்க் என்றால் சமாளிக்கலாம். அசல் 360 கேபி டிரைவ் கிடைத்தால் விலை பேசாமல் வாங்குங்கள்.